நண்டு மாதிரி வராத நட்சத்திரக் கூடு: 23–14–23 கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன் நான் கட்டிய முதல் நட்சத்திரக் கூட்டை (நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, உள்ளே பல்ப் போட்டுத் தொங்கவிடும் தாள் விளக்கை) பார்த்து, "அம்மா, இது நண்டா?" என்று கேட்டாள் சின்னவள். ஒரு கை தடித்து, ஒரு கை மெலிந்து, நடு உடம்பு முறுகிப்போய் இருந்தது. நண்டு என்று சொன்னதே மரியாதைதான்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். நத்தார் நெருங்கினால் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கூடு தொங்கும். ஆனால் கட்டுவது அண்ணன்மாரின் வேலை, பசை கிண்டுவது மட்டும்தான் எனக்கு. இப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். திருவெம்பாவைக்கு விடியமுன் எழும்பிக் கோயிலுக்குப் போகும் மாமாவும், நள்ளிரவுப் பூசைக்குப் போகும் நானும் ஒரே வீட்டில்தான். மாமா யாழ்ப்பாணத்தில் பட்டம் கட்டிப் பழகிய கை. இந்தக் கூடு கடைசியில் சரிவந்தது அவரால்தான்.

தேவையானவை

60 சென்ரிமீற்றர் நீளத்தில் 10 மூங்கில் சீவல்கள். 10 சென்ரிமீற்றர் நீளத்தில் 5 தடித்த துண்டுகள். டிசுத் தாள், நூல், நிறைய இறப்பர் பட்டி, கோதுமை மா.

பௌத்தர்கள் வெளிச்சக்கூடு கட்டும் வெசாக் வரும் மே மாதத்தில் சீவிய மூங்கில் வீதியோரத்திலேயே கிடைக்கும். டிசம்பரில் தேடித் திரிய வேண்டும். நான் பால்கனியில் கிடந்த பழைய மூங்கில் தட்டியைப் பிரித்து எடுத்தேன். வெயிலில் காய்ந்து கிடந்த சீவல் வளைத்தால் படக்கென்று முறியும். அதனால் முதல் நாள் இரவே குளியலறை வாளியில் ஊறப்போடுங்கள். சின்னக் கூடு போதுமென்றால் விளக்குமாற்று ஈர்க்கே போதும், 30 சென்ரிமீற்றர் வரை தாங்கும்.

குறி வைத்தல்: நான் விழுந்த இடம்

தாளில் கை எடுக்காமல் நட்சத்திரம் கீறுவோமே, அதே மாதிரி ஐந்து சீவல்களைப் போட்டு நுனிகளைக் கட்டினால் சரி என்றுதான் நானும் நினைத்தேன். கட்டியும் விட்டேன். நுனி ஐந்தும் சரியாகத்தான் இருந்தன. நடுவில் குறுக்கிடும் இடங்களைக் கண்மட்டத்துக்கு விட்டதால், ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பருமனில் வந்தது. இரண்டாவது நட்சத்திரத்தை அதன்மேல் வைத்தபோது ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை.

மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிள்ளை, பட்டத்துக்கும் முதல் குறி வைச்சுப்போட்டுத்தான் கட்டுறது. உது கண்ணாலை வராது" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஒழுங்கான ஐந்துமுனை நட்சத்திரத்தில் ஒவ்வொரு குச்சியும் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் வெட்டுப்படும். 60 சென்ரிமீற்றர் குச்சி என்றால் ஒரு நுனியிலிருந்து 23, நடுவில் 14, மற்ற நுனிவரை 23. பத்துச் சீவல்களிலும் இரு பக்க நுனியிலிருந்தும் 23இல் பேனையால் கோடு போடுங்கள். கட்டும்போது கோட்டின்மேல் கோடு வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான், நண்டு நட்சத்திரமாகிவிடும்.

இன்னொன்று. ஒவ்வொரு குச்சியும் நடுவில் இரண்டு குச்சிகளைக் குறுக்கிடும். ஒன்றுக்கு மேலாலும் மற்றதற்குக் கீழாலும் போகட்டும். பாய் பின்னுவது மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

முதலில் எல்லா இடத்திலும் இறப்பர் பட்டியைச் சுற்றுங்கள், சரிபார்த்த பிறகு நூலால் கட்டுங்கள். செலோ டேப் வேண்டவே வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டாம் நாளே உரிந்து தொங்கும்.

வயிறு ஊத வைத்தல்

இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து நுனிகளையும் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் கட்டக் கூடாது. பிறகு குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் இரண்டு சட்டங்களுக்கும் இடையே அந்த 10 சென்ரிமீற்றர் துண்டுகளை முண்டுகொடுக்க வேண்டும்.

துண்டின் இரு முனையிலும் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டு வையுங்கள், சீவல் அதில் உட்காரும். இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு சோபாவுக்குக் கீழே போய்விடும். வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினால் சட்டம் ஒரு பக்கம் முறுகும். ஒன்று விட்டு ஒன்றாகச் செருகுங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு. ஐந்தும் நின்றபின் நூலால் கட்டிவிடுங்கள்.

பசை

கடைப் பசையைவிடக் காய்ச்சிய மாப்பசைதான் எனக்குப் பிடிக்கும். பைண்டர் கம் மெல்லிய தாளை ஊறவைத்துக் கிழிக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள்.

அந்தக் கிழமை பக்கத்து அடுப்பில் கேக்குக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருக்கும். எங்கள் நத்தார் கேக்குக்குக் கோதுமை மா இல்லை, ரவைதான். வறுத்த ரவையைப் பட்டரோடு பிசைந்து ஒரு இரவு வைத்துவிட்டு, மறுநாள் முட்டை மஞ்சட்கரு, சீனி, பூசணித் தோசி, இஞ்சித் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய துண்டுகள்), முந்திரிகை வத்தல், கஜு எல்லாம் சேர்த்து, அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் கலப்பேன். டின்னின் உள்ளே தாளைப் பல மடிப்பாகப் போட்டு 150 பாகையில் இரண்டரை மணித்தியாலம். அது தனிக்கதை. இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: பூசணித் தோசி வெட்டும் நாளில் தாள் ஒட்டாதீர்கள். போன வருடம் பெரியவன் பாகு பிசுபிசுத்த விரலோடு வந்து சிவப்புத் தாளைத் தூக்கினான். தாள் விரலோடு வந்தது, சாயம் கேக் பலகையில் இறங்கியது.

தாள் ஒட்டுதல்

மொத்தம் 22 துண்டுகள். முன்னும் பின்னும் அகன்ற முக்கோணம் 10, பக்கவாட்டில் ஒடுங்கிய முக்கோணம் 10, நடு ஐங்கோணம் 2. சட்டம் ஊதிய பிறகுதான் அளவெடுத்து வெட்ட வேண்டும், சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக விடுங்கள். பக்கவாட்டை முதலில் ஒட்டுங்கள், முன்பக்கத்தைக் கடைசியில். அப்போது மடிப்பு வெளியே தெரியாது. பின் ஐங்கோணத்தை மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள், பல்ப் போக வழி வேண்டும்.

நிறம் உங்கள் விருப்பம். கடும் நீலம் மட்டும் வேண்டாம், வெளிச்சம் வெளியே வராது.

நாலு மணித்தியாலம் காயட்டும். தாள் தொய்ந்திருந்தால் உடுப்பு மினுக்கும்போது பாவிக்கும் ஸ்பிரே போத்தலால் மெல்லிய தூவலாக ஒருமுறை அடியுங்கள். காயும்போது தாள் இழுபட்டு மேளத்தோல் மாதிரி விறைக்கும். கொஞ்சம் கூடினாலும் சாயம் ஓடும், கவனம்.

பல்ப் 5 வாட் எல்.இ.டி. மட்டும்தான். பழைய இழைப் பல்ப் சூடாகித் தாளைப் பொசுக்கும். கூட்டின் பாரம் கயிற்றில் இருக்க வேண்டும், மின்வயரில் அல்ல. மழைச்சாரல் படாத உள்பக்கமாகவே தொங்கவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

வேறு அளவில் கட்டக் கேட்டவர்களுக்கு: குச்சி நீளத்தை 0.38ஆல் பெருக்குங்கள், வருவதுதான் இரு நுனியிலிருந்தும் குறி வைக்கும் தூரம். 45 சென்ரிமீற்றர் என்றால் 17–11–17. 90 என்றால் 34½–21–34½. 90க்கு முண்டுத் துண்டும் 15 ஆகட்டும்.

கரப்பான் பூச்சி பசையைத் தின்றுவிட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், எங்கள் வீட்டிலும் நடந்தது. இப்போது காய்ச்சும்போதே ஒரு சிட்டிகை படிகாரம் போடுகிறேன். ஜனவரியில் தாளை உரித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் அலுமாரிக்கு மேல் வைத்தால் அடுத்த வருடமும் உதவும். எங்கள் சட்டம் தைப்பொங்கல் வரைதான் அங்கே இருந்தது. பட்டத்துக்கு மூங்கில் காணாது என்று மாமா அதிலிருந்து இரண்டு சீவல்களை உருவிவிட்டார்.