மலத்தில் மறைந்துள்ள இரத்தம்: வீட்டில் மாதிரி எடுப்பதற்கு முன்

பெருங்குடலில் தோன்றும் சதை வளர்ச்சியும் தொடக்கநிலைப் புற்றுநோயும் கண்ணுக்குத் தெரியாத அளவில், அதுவும் விட்டுவிட்டு, இரத்தம் கசியக் காரணமாகலாம். அந்தக் கசிவைக் கண்டறியவே இந்தப் பரிசோதனை. மலத்தில் இரத்தம் கண்ணுக்கே தெரிந்தாலோ, மலம் தார்போல் கறுத்திருந்தாலோ இதற்காகக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பதற்கான பொருள்கள் அடங்கிய கிட் கைக்கு வந்ததும் அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஆயத்தம் முழுவதும் அதைப் பொறுத்ததே. மனித ஹீமோகுளோபினை மட்டும் கண்டறியும் ‘ஃபிட்’ வகைக்கு உணவுக் கட்டுப்பாடு பொதுவாகத் தேவையில்லை. மற்றொரு வகையான, மலத்தைத் தடவிக் கொடுக்கும் குவையாக் அட்டையோ ஒரு வேதிவினையைக் கொண்டு செயல்படுவது. சிவப்பு இறைச்சியும், பச்சையாக உண்ணும் முள்ளங்கி, காலிஃபிளவர் போன்றவையும் அதே வினையைத் தூண்டி, இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டக்கூடும். நாளொன்றுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் வைட்டமின் சி, மாறாக, உண்மையான கசிவையே மறைத்துவிடலாம். இதைத்தான் நான் கூடுதலாக அஞ்சுவேன். ஆகவே 3 நாள் முன்பிருந்து கடைசி மாதிரி எடுத்து முடியும்வரை இவற்றைத் தவிர்க்க வேண்டும். ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

மாதவிடாய் நாள்களிலும், மூலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் வரும்போதும், எந்த வகை கிட்டாக இருந்தாலும் மாதிரி எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, மலம் தண்ணீரில் விழாதபடி காகிதத்திலோ உலர்ந்த பாத்திரத்திலோ பிடியுங்கள். ஃபிட் குச்சியின் நுனியில் மெல்லிய வரிப்பள்ளங்கள் இருக்கும். மலத்தின் மேற்பரப்பில் வெவ்வேறு இடங்களில் குச்சியை இழுத்து, அந்தப் பள்ளங்கள் நிரம்பினால் போதும். நிறைய இருந்தால் நல்லது என்று அள்ளி வைப்பது சோதனையைக் கெடுத்துவிடும். குவையாக் அட்டையில், மலத்தின் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து மெல்லியதாகத் தடவ வேண்டும். பெரும்பாலும் 3 வெவ்வேறு மலங்கழிப்புகளிலிருந்து மாதிரி கேட்பார்கள்.

பெயரையும் எடுத்த தேதியையும் உடனே எழுதிவிடுங்கள். வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும் என்பதால், வெயில் படும் இடத்தில் வைக்காமல் குறித்த காலத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

முடிவில் இரத்தம் இருப்பதாக வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. அதற்காக அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் கூடாது. 3 மாதிரிகளில் ஒன்றில் மட்டும் இரத்தம் காணப்பட்டாலும் அடுத்து வேண்டியது, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான்.