மொட்டை மாடியில் திலாப்பியாவுக்கு அசோலா

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு சிமெந்துத் தொட்டிகள். ஒன்றில் திலாப்பியா மீன், மற்றதில் அதற்குத் தீனியாக அசோலா என்கிற, தண்ணீரில் மிதந்து வளரும் சின்னஞ்சிறு செடி.

அசோலாவுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். அடியில் சலித்த மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மக்கிய மாட்டெருவைக் கரைத்து ஊற்றுங்கள். நைதரசனை அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியே காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடும். பொசுபரசைத்தான் நாம் கொடுக்க வேண்டும், எரு அதற்குத்தான். பாதி நிழல் கட்டாயம். போன மார்ச்சில் பச்சை வலை கட்டாமல் விட்டேன், நான்கே நாளில் இலையெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது.

தண்ணீர் தெரியாமல் படர்ந்ததும் பாதியை மட்டும் அள்ளி, வடிதட்டில் அலசிப் போடுங்கள். அரை மணியில் தின்று முடிக்கிற அளவு சரி. மிஞ்சியது மேலே மூடிக் கிடந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். பச்சை அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் குஞ்சுகளுக்கு அது மட்டும் போதாது. நிழலில் உலர்த்திப் பொடித்து, தவிட்டோடும் தேங்காய்ப் புண்ணாக்கோடும் பிசைந்து கொடுக்கிறேன்.

வெள்ளவத்தைக் கால்வாயில் மிதக்கிற பச்சையை மட்டும் தயவுசெய்து அள்ளாதீர்கள். மிதக்கும் செடிகள் அழுக்குத் தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம் அது மீன் வழியே பிள்ளைகளின் தட்டுக்கு வந்துவிடும்.