கலைப் பிரிவு மாணவர்களுக்கு: வார வீட்டுப்பாடத்தைக் கைடு இல்லாமல் எழுதுவது எப்படி?

மேல்நிலை முதலாண்டில் கலைப் பிரிவு எடுத்திருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பொருளியல் ஆசிரியை. வரலாற்றுக்கு ஆள் இல்லாத ஆண்டுகளில் அந்த வகுப்புக்கும் போயிருக்கிறேன். திங்கட்கிழமை காலை நாற்பது நோட்டுகள் என் மேசைக்கு வரும். ஒரே கைடின் ஒரே வாக்கியம், அதன் அச்சுப்பிழையோடு, பெரும்பாலான நோட்டுகளில் இருக்கும். ஞாயிறு இரவு கை வலிக்க எழுதிய பிள்ளைகள் அவர்கள். அவ்வளவு எழுதியும் மனதில் ஒன்றும் தங்கவில்லையே என்று வேதனையாக இருக்கும்.

படி 1: வினாக்களைப் பிரியுங்கள்

வெள்ளி மாலையே வினாக்களை மதிப்பெண் வாரியாகப் பிரித்துவிடுங்கள். 90 மதிப்பெண் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஏழேழு எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் பகுதி மட்டுமே 35. அதனால் பெரிய வினாவைச் சனிக்கிழமை காலை, தலை தெளிவாக இருக்கும்போது எடுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களைப் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்

பாடநூலில் அந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். மறந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, அந்த இடங்களை மட்டும் வேறு நிற மையில் நிரப்புங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அந்த நிற வரிகளைப் படித்தால் போதும்.

படி 3: பொருளியலுக்கு உங்கள் வீட்டுக் கணக்கு

'தேவை விதியை விளக்குக' என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்பதுதான் அந்த விதி. பாடநூல் பட்டியலை அப்படியே எழுதாமல், வீட்டில் காய்கறி வாங்குபவரிடம் கேளுங்கள்: தக்காளி கிலோ 20 ரூபாய் என்றால் வாரத்துக்கு எவ்வளவு வாங்குவீர்கள்? 30 என்றால்? 40, 60 என்றால்? 2 கிலோ, ஒன்றரை, ஒன்று, அரை என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் தேவைப் பட்டியல்.

இனி வரைபடம். விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். இதை மாற்றிப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதிவிட்டுப் புள்ளிகளை வையுங்கள். கோடு இடமிருந்து வலமாக இறங்கும்.

இங்கேயே நிறுத்தாமல் நெகிழ்ச்சியும் கண்டுபிடியுங்கள். விலை மாறும் சதவீதத்தோடு ஒப்பிட்டால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நெகிழ்ச்சி. விலை 20இலிருந்து 30 ஆனால் உயர்வு 50 சதவீதம். அளவு 2 கிலோவிலிருந்து ஒன்றரை ஆனால் குறைவு 25 சதவீதம். 25ஐ 50ஆல் வகுத்தால் 0.5. அடுத்து 30இலிருந்து 40: விலை உயர்வும் மூன்றில் ஒரு பங்கு, அளவின் குறைவும் மூன்றில் ஒரு பங்கு, விடை 1. ஒரே வீடு, ஒரே தக்காளி, ஆனால் நெகிழ்ச்சி மாறிவிட்டது! முதல் ஏற்றத்தைச் சமாளித்த அம்மா, இரண்டாவது ஏற்றத்தில் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்துவிட்டார். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்த்தால் பாடம் மறக்காது.

அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விலை மாறி அளவு மாறினால், அதே கோட்டின் மேலேயே நகர்கிறோம். இது விரிவு அல்லது சுருக்கம். விலை மாறாமலேயே தேவை மாறினால் கோடே இடம்பெயரும். இது அதிகரிப்பு அல்லது குறைவு. புரட்டாசி பிறந்ததும் பல வீடுகளில் கோழிக்கறி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் அல்லவா? விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோடு இடப்பக்கம் நகர்கிறது. இந்த உதாரணத்தை எழுதுங்கள்.

படி 4: வரலாற்றுக்குச் சான்றை நேரில் பாருங்கள்

'சோழர் கால உள்ளாட்சி பற்றி எழுதுக' என்றால் 'குடவோலை முறை மக்களாட்சியின் சிறப்பு' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் பலர். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்வதை நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

இடப்பக்கம், ஒழுங்குகள்: ஊரில் 30 குடும்புகள் (இன்றைய வார்டு போன்ற பிரிவுகள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தல் (இதுதான் குடவோலை), ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற குழுக்கள், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

வலப்பக்கம், தகுதிகள்: வயது 35 முதல் 70 வரை; வரி செலுத்தும் கால் வேலி நிலம் (வேலி என்பது பழைய நில அளவு); சொந்த மனையில் வீடு; வேதப் பயிற்சி.

வலப்பக்கத்தை மீண்டும் படியுங்கள். நிலமில்லாத உழவருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்குமா? பெண்களுடையது? இது பிராமணர் சபை ஆண்ட ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்குக் காட்டாதவரை விலக்கிய நேர்மையை நான் மனமாரப் போற்றுகிறேன். விடுபட்டவர்களை மறைத்துப் போற்ற மாட்டேன். இரண்டையும் எழுதும் விடைதான் ஐந்து மதிப்பெண்ணுக்குரிய விடை.

படி 5: ஒரு கேள்வியோடு நோட்டை வையுங்கள்

ஞாயிறு மாலை கால் மணி நேரம் போதும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, புரியாத ஒன்றைக் கடைசி வரியில் கேள்வியாக எழுதுங்கள். 'விலை ஏறினாலும் எங்கள் வீட்டில் உப்பு வாங்குவது குறையவில்லையே, ஏன்?' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அன்றைய வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.