இருபதுகளிலேயே பாய்மரப் படகில் கிளம்ப வேண்டுமென்றால்

நெடுந்தூரப் பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும் எந்தத் துறைக்குப் போனாலும் கண்ணில் படுவது பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வந்தவர்கள். இளைஞர்களுக்கு ஆசையில்லை என்பதெல்லாம் சும்மா. உடம்பில் தெம்பு இருக்கும்போது கையில் காசில்லை, காசு வரும்போது வேலை, கடன், குடும்பம் என்று காலைக் கட்டிப்போட ஏதாவது வந்துவிடுகிறது. படகின் விலையைக் கேட்டே பலர் மலைத்துப்போகிறார்கள், ஆனால் ஆளை முடக்குவது வாங்கிய பிறகு மாதாமாதம் கரையும் பணமும், திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா என்கிற பயமும்தான்.

அதனால் முதலில் படகு வாங்காதீர்கள். அடுத்தவர் படகில் வேலைக்கு உதவும் ஆளாகப் போங்கள். அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் நவம்பர் 30-உடன் முடிவதாகக் கணக்கு. அதை ஒட்டி கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கரீபியன் போகும் படகுகள் குவியும். சுமார் 2,700 கடல் மைல், ஏறக்குறைய மூன்று வாரம். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் படகில் இரவுக் காவலுக்கு இன்னொரு ஆள் கிடைத்தால் பெரிய நிம்மதி, அதனால் படகில்லாத இளைஞர்கள் அங்கே படகு படகாக ஏறி இறங்கி இடம் கேட்பது வழக்கமான காட்சி. பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவில் பங்கு கொடுத்தால் போதும். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் 5 நாள் 'காம்பிடென்ட் க்ரூ' மாதிரியான ஒரு பயிற்சியை முடித்திருந்தால் பேச்சு இன்னும் சுலபம்.

அவர்கள் உங்களை எடைபோடுவது போலவே நீங்களும் கேப்டனை எடைபோட வேண்டும், இதில் கூச்சமே கூடாது. ஒருநாளாவது கூடவே ஓட்டிப் பாருங்கள். உயிர்காப்பு மிதவையை எப்போது சோதித்தார்கள், அவசர சிக்னல் கருவியின் பேட்டரி காலாவதி ஆகிவிட்டதா, நடுவில் இறங்கிக்கொள்ள நினைத்தால் டிக்கெட் யார் செலவு, எல்லாம் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டியவை. முன்பு அதே படகில் போனவர்களிடம் விசாரியுங்கள், பெண்கள் கட்டாயமாக. கேட்டதற்கே முகம் சுளிக்கிறாரா, வேறு படகு பாருங்கள். திரும்புவதற்கான விமானக் காசைத் தொடாமல் வைத்திருங்கள். பல நாடுகளில் அது இல்லாமல் இறங்கவே விடமாட்டார்கள்.

கடல் பிடித்திருக்கிறது, சரி, இனி சொந்தப் படகு. 26 முதல் 30 அடிக்குள் பாருங்கள். 1960களிலிருந்து 80கள் வரை கட்டிய ஃபைபர் படகுகள் இன்னும் ஏராளமாக மிதக்கின்றன, விலையும் குறைவு. 1985-இல் 18 வயதில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டானியா ஏபி 26 அடிப் படகில்தான் உலகைச் சுற்றி 1987-இல் திரும்பினார். அதுவும் வானத்தில் சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியை வைத்து வழி கண்டுபிடித்து! இன்று கையிலுள்ள போன் காட்டும் இடத்தை அவர் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதன் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கணீரென்று கேட்டால் நல்லது, திடீரென்று 'தொப்' என்று மங்கினால் அந்த இடத்தில் ஃபைபருக்குள்ளே வைத்திருக்கும் மரம் தண்ணீர் குடித்து ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். முக்கியமாக, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களைச் சுற்றித் தட்டுங்கள், அப்படியே கேபினுக்குள் போய் அதே இடத்துக்குக் கீழே துருக்கறை வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். அந்தக் கம்பிகளின் வயது 15-ஐத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். இதெல்லாம் தேறினால் மட்டும் படகை முழுதாகச் சோதித்துச் சொல்லும் சர்வேயருக்குப் பணம் கொடுங்கள்.

ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் 10 சதவீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பழைய படகுக்கு அது உதவாது. சல்லிசாக வாங்கிய படகென்பதால் புதுப் பாயை யாரும் பாதி விலைக்குத் தரப்போவதில்லை. கையிலிருப்பதில் பாதிக்குமேல் படகில் போடாதீர்கள் என்பதுதான் என் கணக்கு. படகைக் கட்டி நிறுத்தும் மரினாவில் அடிக்கணக்கில் வாடகை வாங்குவார்கள், நங்கூரமிட்டு நிற்கப் பல இடங்களில் காசே கிடையாது. ஆகவே ஒரு சைஸ் பெரிய நங்கூரமும் நல்ல சங்கிலியும் வாங்கினால், ஆழத்தைப்போல 5 மடங்கு சங்கிலி விட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வேலைக்கு வருவோம். எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகத் தேவையில்லை. சூறாவளிக் காலத்தில் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு ஊரில் ஆறு மாதம் சம்பாதித்து, மறுபடி போகிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு படகிலிருந்தே வேலை பார்ப்பதும் நடக்கிறது, ஆனால் மீட்டிங் இருக்கிறதே என்று மோசமான வானிலையில் நகர்வதும், நல்ல காற்றை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதும் இரண்டுமே தொல்லை. தினமும் இந்த நேரத்துக்கு ஆன்லைனில் இரு என்று சொல்லாத வேலையாகப் பாருங்கள். விசாவையும் மறக்காதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு 180 நாளில் 90 நாள்தான், படகு பழுதாகி நின்றாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் வீடு. படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரின் லிங்க் கொடுத்தால் அம்மா தினமும் பார்ப்பார், ஒருநாள் அது நின்றுவிட்டால் படகே மூழ்கிவிட்டதாக நினைப்பார். பல நேரம் பேட்டரிதான் போயிருக்கும். எத்தனை நாள் செய்தி இல்லையென்றால், எந்த நாட்டின் கடல் மீட்பு மையத்தை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று, படகின் பெயர், நிறம், ரேடியோ அழைப்புக்குறியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.