குடலைக் கழுவாதீர்கள், அங்கே குடியிருப்பவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள்

வயிறு உப்புகிறது, மலம் சரியாகப் போகவில்லை என்றால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, ‘உடம்பில் நச்சு சேர்ந்துவிட்டது, குடலைச் சுத்தம் செய்யணும்’ என்பதுதான். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. பெருங்குடல் அடைத்துக்கொண்ட குழாய் அல்ல. மனித உடம்பில் இருக்கும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடியிருக்கும் இடம் அது. பேதி மருந்து, எனிமா என்று அடிக்கடி கழுவினால் நீரும் உப்புகளும்தான் வெளியேறும், கூடவே இந்தக் குடியிருப்பும் கலையும். நச்சை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

குடலின் உள்சுவரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரே ஒரு செல் கனம்தான், அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம். நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் பசிக்குச் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். வேலி மெலிந்தால் கிருமிகள் சுவரை நெருங்குவது சுலபம்.

அதனால்தான், பூச்சிமருந்துக்குப் பயந்து, நார்ச்சத்து தரும் காய்கறி, பழத்தையே குறைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். அப்புறம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. கிருமி சாகும், சரி. ஆனால் ஆர்சனிக், ஈயம், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாக ஆக, மிஞ்சிய தண்ணீரில் அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, அதற்கேற்ற வடிகட்டியை வாங்குவதே வழி.

சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடுவதையும் விட்டுவிடலாம். பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. குழந்தைக்குப் பால்மாவைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம், சளி பிடித்தவுடன் வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்வது. சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதை இந்த மருந்து தொடக்கூட முடியாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அது கொல்லும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா பெருகினால் கடுமையான வயிற்றுப்போக்கில் போய் முடியலாம். மருத்துவர் தேவை பார்த்து எழுதிக்கொடுத்தால் அது வேறு, சொன்னபடி சாப்பிட வேண்டும்.

மருந்து முடிந்ததும், நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2018இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் செய்த ஆய்வில், அப்படிச் சாப்பிட்டவர்களுக்குச் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வர இன்னும் தாமதமானது.

நார்ச்சத்தை ஒரே நாளில் அள்ளிப் போடாதீர்கள், வாயு கட்டும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே கூடட்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மட்டும் வீட்டில் எதையும் முயன்றுகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.