ஐந்து முகமது அலிகளும் ஒரு பெயரடைவும்

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பெயர்களும் பக்க எண்களும் இருக்குமே, அந்தப் பெயரடைவைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு வந்த புதிதில், அரசியல், வரலாறு, விளையாட்டு எல்லாம் கலந்த ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு அடைவு போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "முகமது அலி, 12, 47, 48, 113, 214, 215, 301."

நூலாசிரியர் அன்று மாலையே கூப்பிட்டார். "குத்துச்சண்டைக்காரரைப் பாகிஸ்தான் பிரதமர் ஆக்கிட்டீங்களேம்மா!"

ஏழு பக்கம், ஐந்து பேர். ஜின்னாவும் முகமது அலிதான். நல்லவேளை, அவரை முழுப்பெயரோடு தனியாகப் போட்டிருந்தேன். அந்த வரியைப் பிரித்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். அடைவு போடுகிறவர்களுக்கு மட்டுமில்லை, பழைய ஆவணங்களில் ஒரு பெயரைத் தேடிப் போகிற யாருக்கும் இது உதவும்.

பெயருக்கு ஒரு அட்டை போடாதீர்கள், ஆளுக்கு ஒரு அட்டை போடுங்கள். கணினியில் போட்டாலும் அதே கதைதான், ஆளுக்கு ஒரு வரி. புதிய பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பழைய வரியில் எண்ணைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். முதலில் தனி வரியாகவே எழுதி, பக்கத்தில் ஆண்டு, ஊர், அவர் செய்த வேலை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஆள் என்று உறுதியானவற்றை மட்டும் இணைக்கலாம். இணைத்ததைப் பின்னால் பிரிப்பது நரகம். ஏழு பக்கத்துக்காக நூல் முழுவதையும் மறுபடி படித்தவள் சொல்கிறேன்.

47, 48ஆம் பக்கங்கள் சுலபம். 'காம்ரேட்' என்ற ஆங்கில வார இதழ், 1911, கல்கத்தா என்று இருந்தது. அவர் மௌலானா முகமது அலி. 'ஜவ்ஹர்' என்பது அவருடைய கவிதைப் புனைபெயர். அடைவில் அந்தப் புனைபெயர்தான் நம்மைக் காப்பாற்றும். அண்ணன் சௌகத் அலியோடு சேர்த்து 'அலி சகோதரர்கள்' என்று வருகிற இடங்களுக்குத் தனிப்பதிவு போட்டு, இருவரிடமிருந்தும் 'காண்க' கொடுத்துவிடுங்கள்.

உயிரை வாங்கியது 214ஆம் பக்கம். 1955 ஆகஸ்ட். பாகிஸ்தானில் முகமது அலி பதவி விலகுகிறார், முகமது அலி பிரதமராகிறார். அச்சுப்பிழை இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. போனவர் போக்ராவைச் சேர்ந்த முகமது அலி, வந்தவர் சௌத்ரி முகமது அலி. கட்டுரையாளரோ இருவரையும் வெறும் 'முகமது அலி' என்றே எழுதிவிட்டார். நூலாசிரியரிடம் கேட்டால், "எழுதும்போது தெரிஞ்சுதுங்க" என்கிறார்!

இப்படிப்பட்ட இடத்தில் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள். "அதுவரை நிதியமைச்சராக இருந்த ___" என்றால் சௌத்ரி. "அமெரிக்காவுக்கு மீண்டும் தூதராகப் போன ___" என்றால் போக்ரா. 301இல் 1956 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, ஆகவே சௌத்ரி. இதுவரை எனக்குப் பெயரைவிட வினைச்சொல்தான் அதிகம் துப்புக் கொடுத்திருக்கிறது.

தலைகீழான சிக்கலும் உண்டு. ஆள் ஒருவர், பெயர் இரண்டு. குத்துச்சண்டை வீரர் 1964இல்தான் முகமது அலி ஆனார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது காசியஸ் கிளே என்ற பெயரில். என் நூலில் 12ஆம் பக்கத்தில் முகமது அலி, 9ஆம் பக்கத்தில் கிளே. இரண்டும் இரு வேறு ஆட்கள் மாதிரி அடைவில் உட்கார்ந்திருந்தன. 1805 முதல் 1848 வரை எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவையும் துருக்கிய உச்சரிப்பில் 'மெஹ்மெத் அலி' என்று எழுதுவார்கள். என் தொகுப்பில் அவர் இல்லை, ஆனால் அடுத்த புத்தகத்திலேயே வந்து நின்றார். தேடும்போது முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத், மொஹம்மத் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள்.

பெயரை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். 'அப்துல்' தனிப்பெயர் இல்லை. 'இன்னாரின் அடியார்' என்று பொருள்படும் பெயரில் 'அடியார்' வரைக்கும் வந்து, இன்னார் யார் என்று சொல்லாமல் நிற்கிற சொல் அது. அப்துல் சலாமும் அப்துஸ் ஸலாமும் ஒரே பெயர், அரபியில் அந்த 'ல்' அடுத்த எழுத்தோடு கரைந்துவிடும். அப்துல் கலாமும் அபுல் கலாமும் அப்படி இல்லை. 'அபு' என்றால் தந்தை. ராக்கெட் பக்கத்தில் ஆசாத்தும், கல்வி அமைச்சர் பக்கத்தில் குடியரசுத் தலைவரும் இடம் மாறி உட்கார்ந்த அடைவுகளைப் பார்த்திருக்கிறேன். வங்கதேசத் தலைவர்கள் முஜிபுர் ரஹ்மானும் ஜியாவுர் ரஹ்மானும் ஒரே குடும்பம் என்று நினைப்பவர்களும் உண்டு. ரஹ்மான் குடும்பப்பெயர் அன்று, அவர்களுடைய பெயரின் பின்பாதி.

பிரித்த பிறகு அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது? தொழில் போதும் என்பேன். ஃபஸ்லுர் ரஹ்மான் என்று இருவர், ஒரே காலத்தில் ஒரே சிகாகோவில் இருந்தார்கள். ஒருவர் 110 மாடி சியர்ஸ் கோபுரத்தின் கட்டமைப்பை வடிவமைத்தவர், மற்றவர் அங்கே பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியச் சிந்தனை கற்பித்தவர். ஊரும் காலமும் அங்கே கைகொடுக்காது. 'பொறியாளர்', 'பேராசிரியர்' என்றால் தீர்ந்தது. போக்ராவுக்கும் சௌத்ரிக்கும் தொழில் உதவாது, இருவரும் பிரதமர்கள். அங்கே பதவி ஆண்டு: 1953–55, 1955–56. 'முஸ்லிம் தலைவர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது பெயரிலேயே தெரிகிறது, யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது.

கடைசியாக 113. அது ஒரு பயணக் கட்டுரை. இரவெல்லாம் மழையில் வண்டி ஓட்டி, கட்டுரையாளரை விடியற்காலை ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஓட்டுநரின் பெயர் முகமது அலி. நூலாசிரியர், "இவரையும் போடணுமா, எடுத்துடலாமே" என்றார்.

"இருக்கட்டும் சார், ஒரு வரிதானே" என்றேன்.

அச்சில் இப்படி வந்தது:

முகமது அலி (ஓட்டுநர்), 113
முகமது அலி (குத்துச்சண்டை வீரர்), 12; காசியஸ் கிளேயும் காண்க
முகமது அலி, சௌத்ரி (பிரதமர், 1955–56), 214, 215, 301
முகமது அலி, போக்ரா (பிரதமர், 1953–55), 214
முகமது அலி, மௌலானா ('ஜவ்ஹர்'), 47, 48

அகரவரிசைப்படி ஓட்டுநர்தான் முதலில் வந்திருந்தார். அச்சுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.