டெக்காய் வாத்துகளில் பெயின்ட் உரியாமல் இருக்க

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாத்து வேட்டைக்காரர்கள், பறந்து வரும் வாத்துகளை ஏமாற்றி இறக்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள்தான் டெக்காய்கள். இவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. இதில் பெயின்ட் லேசில் ஒட்டாது. ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே செதில் செதிலாக உரியும்.

அந்தக் கீறல் பெரும்பாலும் ஏரியில் விழுவதில்லை, டெக்காய்களைத் தூக்கிச்செல்லும் பைக்குள்தான் விழுகிறது. நங்கூரமாகக் கட்டும் ஈயக்கட்டி 4 முதல் 6 அவுன்ஸ், அதாவது 110–170 கிராம் இருக்கும். வலைப்பையில் மொத்தமாகக் கொட்டித் தோளில் தூக்கினால், நடக்க நடக்க அது பக்கத்து வாத்தின் மீது இடிக்கும். மல்லார்ட் என்ற வாத்து வகையின் ஆண் டெக்காயில் பச்சைத் தலையும் மஞ்சள் அலகும்தான் முதலில் போகும். ஆகவே ஒவ்வொரு வாத்துக்கும் தனி அறை தைத்த பை வாங்குங்கள். கொஞ்சம் கனம்தான், இடமும் அடைக்கும். ஆனாலும் வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது. நங்கூரக் கயிற்றை டெக்காயின் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் (கீல், keel) இறுக்கிச் சுற்றி, ஈயக்கட்டி ஆடாதபடி மாட்டிவிடுங்கள். பையில் போடும் முன் ஏரித் தண்ணீரிலேயே சேற்றை அலசுங்கள். காய்ந்த மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பனிக்கட்டி பிடித்திருந்தால் தட்டாதீர்கள், தண்ணீரில் முக்கினால் தளர்ந்துவிடும்.

சீசன் முடிந்ததும் வெதுவெதுப்பான நீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். துணி சோப்புத்தூள் வேண்டாம். அதிலுள்ள வெண்மையூட்டிகள் புற ஊதா ஒளியில் மின்னும், வாத்துகளுக்கு அந்த மினுக்கம் தெரியும். ஈரம் முழுக்கக் காய்ந்தபின் வெயில் படாத, சூடேறாத இடத்தில் வையுங்கள்.

உரிந்த இடத்தைச் சரிசெய்ய, தளர்ந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தபின் கைவிரல் படக்கூடாது. பாலிஎத்திலீனுக்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் ஒட்டுப் பிரைமரை மெல்லிசாக ஸ்பிரே செய்து, அதில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் பெயின்ட் அடியுங்கள். பளபளக்காத அக்ரிலிக் பெயின்ட், மெல்லிய இரண்டு பூச்சு. கனமாக ஒரே பூச்சு அடித்தால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று நிற்கும். ஒரு வாரம் விட்டு, மாஸ்கிங் டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் சோப்போ எண்ணெயோ மிச்சம் இருந்திருக்கும், அல்லது பிரைமர் ஒத்துவரவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவதே வழி.

பெயின்டுக்கு மேலே நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்தால் பளபளக்காத மேட் வகையே. பளபளப்பு வெயிலில் கண்ணாடியாக மின்னும், இறங்க வந்த வாத்து விலகிப் பறந்துவிடும். வெல்வெட் துகள் ஒட்டிய தலை என்றால் கிளியர் கோட்டே கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

பழைய கையால் செதுக்கிய மர வாத்து கிடைத்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு டெக்காய்கள் 2007-இல் தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்றன. சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அசல் பெயின்டைத்தான். புதுப்பூச்சு ஏறினால் விலை சரியும். தூசியைக்கூட ஈரமில்லாத மென்பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள்.